தரவுத்தளத்தில் நேரவலய ஒஃப்செட்: இலங்கை நேரத்தைப் பிழையின்றிச் சேமிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2001 ஏப்ரல் 9 அன்று பிறந்த மாணவி ஒருவர் இணையவழி விண்ணப்பத்தை நிரப்புகிறார். திரையில் பிறந்த திகதி சரியாகத் தெரிகிறது. அச்சாகி வரும் அனுமதி அட்டையில் மட்டும் ஏப்ரல் 8 என்று இருக்கிறது. 2008 இல் பிறந்த தம்பியின் அட்டையில் பிழையே இல்லை. மென்பொருள் ஒன்று, தரவுத்தளமும் ஒன்று. அக்காவுக்கு மட்டும் ஒரு நாள் குறைந்துவிட்டது.

காரணம் இதுதான். பிறந்த திகதியை அந்த நாளின் நள்ளிரவு 00:00 என்று எடுத்து, யூடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். 2001 இல் இலங்கையின் ஒஃப்செட் +06:00. ஆகவே சேமிக்கப்பட்டது ஏப்ரல் 8, 18:00 யூடிசி. அட்டையை அச்சிடும் பகுதியை எழுதியவர், இலங்கை என்றால் +05:30 தானே என்று நேரடியாக ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டார். விடை ஏப்ரல் 8, 23:30. 2008 இல் ஒஃப்செட் +05:30 ஆகவே இருந்ததால் தம்பிக்குக் கணக்கு ஒத்துப்போனது.

ஒஃப்செட் என்பது ஒரு கணத்தில் கடிகாரம் யூடிசியிலிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதற்கான விடை மட்டுமே. எந்தக் காலத்தில் எந்த விலகல் என்ற விதி முழுவதும் நேரவலயத்தின் பெயரில்தான் இருக்கிறது. நமக்கு அது ஆசியா/கொழும்பு. மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ தனி வலயம் கிடையாது, நாடு முழுவதற்கும் இதுவே. இந்த வழிகாட்டியில் வரும் பெரும்பாலான பிழைகள், விதி இருக்கவேண்டிய இடத்தில் விடையை வைத்ததால் வருபவை.

கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

நம் கடிகாரம் மாறிய நாட்கள்

இலங்கையில் கோடைகால நேரமாற்றம் இல்லை, ஆகவே இந்தத் தலைவலி நமக்கு இல்லை என்று நினைப்பவர்கள் பலர். அண்மைக்காலத்திலேயே மூன்று மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

1996 மே 25: மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக நள்ளிரவில் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. +05:30 போய் +06:30 வந்தது. அன்று 00:00 முதல் 00:59 வரையான நேரம் இல்லவே இல்லை.

1996 ஒக்டோபர் 26: 00:30 மணிக்கு அரை மணி பின்னே, +06:00. அன்று 00:00 முதல் 00:29 வரை இரண்டு தடவை வந்தது.

2006 ஏப்ரல் 15: சித்திரை வருடப்பிறப்பு முடிந்த இரவு, 00:30 மணிக்கு மீண்டும் அரை மணி பின்னே, +05:30. இந்த நாளிலும் நள்ளிரவுக்குப் பின்னான முதல் அரை மணி இரண்டு தடவை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும், 1942 முதல் 1945 வரை, கடிகாரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பழைய பிறப்புப் பதிவுகளை எண்ணிமப்படுத்துவோருக்கு மட்டும் இது தேவைப்படும்.

நம் கிழக்குப் பகுதியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே +05:30 தொடர்ந்தது. ஆகவே அக்காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் ஒரு நேரம், படுவான்கரையின் உட்பகுதிகளில் அரை மணி (1996 ஒக்டோபர் 26 வரை ஒரு மணி) பிந்திய இன்னொரு நேரம். அந்தக் காலத்துக் கைப்பதிவேடுகளில் மணி நேரம் எழுதப்பட்டிருந்தால், ஆசியா/கொழும்பு என்ற வலயமும் அதைச் சரியாக மாற்றித் தராது. அது அரச நேரத்தை மட்டுமே அறியும். இப்படியான பதிவேடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, எழுதியிருந்த நேரத்தை எழுத்தாகவே ஒரு நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) வையுங்கள். எந்த ஒஃப்செட்டில் எழுதப்பட்டது என்பதை நிமிடக் கணக்கில், 330, 360 அல்லது 390 என்று, பக்கத்து நிரலில் வையுங்கள். தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள். ஊகித்து யூடிசிக்கு மாற்றிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

படி 1: எந்த நிரல் எந்த வகை?

தரவு வகையைத் தேர்வதற்கு முன் தரவுத்தளத்தில் உள்ள எல்லா நேர நிரல்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பின்வரும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்.

முதலாவது, நடந்து முடிந்த ஒரு கணம். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏலம் போன நேரம், சம்மாந்துறை ஆலையில் நெல் நிறுத்த நேரம், பணம் செலுத்திய நேரம், உள்நுழைந்த நேரம் எல்லாம் இதில் அடங்கும். உலகில் எங்கிருந்து பார்த்தாலும் இது ஒரே கணம். யூடிசியில் சேமிக்கவேண்டியது இந்த வகைதான்.

இரண்டாவது, திகதி மட்டும். பிறந்த நாள், காசோலைத் திகதி, விடுமுறை நாள். இதற்கு மணியும் இல்லை, வலயமும் இல்லை. டேட் என்ற வகையில் வையுங்கள். மேலே சொன்ன மாணவியின் பிரச்சினைக்கு முழுத் தீர்வு இதுதான். +06:00 ஐக் கண்டுபிடித்துக் கூட்டுவது அல்ல.

மூன்றாவது, ஒரு இடத்துச் சுவர்க்கடிகாரத்தின்படி வரப்போகும் நேரம். சூரிச்சிலுள்ள பிள்ளைகளுக்கு வாராவாரம் நடக்கும் இணையவழி வகுப்பு, காத்தான்குடிப் பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணை, கடை திறக்கும் நேரம். இவற்றை யூடிசிக்கு மாற்றிச் சேமிப்பது பிழை. ஏன் என்பது படி 7 இல்.

படி 2: தரவு வகை

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் டைம்ஸ்டாம்ப், டைம்ஸ்டாம்ப்டீஇசட் என இரண்டு வகைகள். இரண்டுக்கும் 8 பைட்தான், ஆகவே இடத்தைச் சேமிக்கிறோம் என்ற வாதம் எடுபடாது. டைம்ஸ்டாம்ப்டீஇசட்டின் பெயரில் வலயம் இருந்தாலும் அது வலயத்தையோ ஒஃப்செட்டையோ சேமிப்பதில்லை. வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது அந்தத் தொடர்பின் நேரவலயத்துக்கு மாற்றிக் காட்டும். பயனர் டோஹாவிலிருந்து +03:00 என்று அனுப்பியது பின்னர் தேவைப்படுமானால் அதற்குத் தனி நிரல் வேண்டும்.

வெறும் டைம்ஸ்டாம்ப் வகையில் ஒரு பொறி இருக்கிறது. அதில் 2025-03-10 09:00:00+03 என்று எழுதினால் போஸ்ட்கிரெஸ் பிழை சொல்லாது. +03 ஐச் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு 09:00 ஐ வைத்துக்கொள்ளும். வகையின் பெயரை முழுதாக எழுதாமல் டைம்ஸ்டாம்ப் என்று மட்டும் எழுதினால் கிடைப்பதும் இதுவே. முதல்வகை நிரல்கள் எல்லாவற்றுக்கும் டைம்ஸ்டாம்ப்டீஇசட் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். டைம்டீஇசட் என்றொரு வகையும் உண்டு. அதைப் பயன்படுத்தவேண்டாம் என்று போஸ்ட்கிரெஸின் ஆவணமே சொல்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் பெயர்கள் குழப்பும். அங்கே டைம்ஸ்டாம்ப் என்பது தொடர்பின் வலயத்திலிருந்து யூடிசிக்கு மாற்றி வைக்கும் வகை. டேட்டைம் என்பது கொடுத்ததை அப்படியே வைக்கும் வகை. அதாவது போஸ்ட்கிரெஸின் டைம்ஸ்டாம்பும் மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்பும் பெயரில் ஒன்று, வேலையில் நேரெதிர். மைஎஸ்கியூஎல் டைம்ஸ்டாம்பின் எல்லை 2038 ஜனவரி 19, 03:14:07 யூடிசி. நமக்கு அன்று காலை 08:44:07. காணிக் குத்தகை, நீண்டகாலக் கடன் போன்ற பதிவுகளில் 2038 ஏற்கெனவே வந்துவிட்டது. நாங்கள் பரிந்துரைப்பது: டேட்டைம் நிரலில் எப்போதும் யூடிசி மட்டும் எழுதுவது, நிரலின் பெயரிலேயே யூடிசி என்று சேர்ப்பது. பெயரில் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வரும் புதியவருக்கு அது எந்த நேரம் என்று தெரியாது. மைஎஸ்கியூஎல் 8.0.19 முதல் நேரத்தோடு +05:30 ஐயும் சேர்த்து எழுத முடியும். ஆனால் டேட்டைமில் அது தொடர்பின் வலயத்துக்கு மாற்றப்பட்டே சேமிக்கப்படும்.

மற்றவை சுருக்கமாக: எஸ்கியூஎல் சேர்வரின் டேட்டைம்ஒஃப்செட் ஒஃப்செட்டையும் சேர்த்தே வைக்கும், ஒப்பிடும்போது யூடிசியில் ஒப்பிடும். ஒரக்கிளில் டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன் வலயத்தின் பெயரையே வைக்கக்கூடியது. மொங்கோடிபி யூடிசி மில்லிசெக்கனாக மாற்றி ஒஃப்செட்டை விட்டுவிடும். எஸ்கியூலைட்டில் நேரத்துக்கென்று வகையே இல்லை; எழுத்தாகச் சேமித்தால் எழுத்தாகவே வரிசைப்படுத்தும். 09:00+05:30 என்பதும் 05:00இசட் (இசட் என்றால் யூடிசி) என்பதும் ஒரே நிரலில் கலந்திருந்தால், உண்மையில் முந்தியது 03:30 யூடிசியில் நடந்த முதலாவது. எஸ்கியூலைட் 05:00 ஐத்தான் முன்னே நிறுத்தும். கைத்தொலைபேசிச் செயலிகளில் எஸ்கியூலைட் எங்கும் இருப்பதால் இதைக் கவனியுங்கள். ஒரே வடிவம், இசட்டில் முடியும் யூடிசி மட்டும்.

படி 3: சேர்வர், தொடர்பு, செயலி

மூன்று இடங்களில் வலயம் அமைக்கப்படுகிறது: இயங்குதளம், தரவுத்தளத் தொடர்பு, செயலி. மூன்றையும் யூடிசியில் வையுங்கள். மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக இருப்பது சிஸ்டம் என்ற அமைப்பு. அது இயங்குதளத்தின் நேரத்தைப் பின்பற்றும். கல்முனையில் அலுவலகக் கணினியில் ஓடியது மேகச் சேர்வருக்கு மாறிய அன்றே எல்லாம் ஐந்தரை மணி நகர்வது இதனால்தான். டிஃபோல்ட் டைம் சோன் என்பதை +00:00 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பைப் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒன்று. செயலியின் வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்றிவிட்டு, தரவுத்தளத் தொடர்பை யூடிசியிலேயே விட்டால், 09:00 கொழும்பு நேரம் 09:00 யூடிசியாகச் சேமிக்கப்படும். திரும்ப வாசிக்கும்போது அதே 09:00 வரும். திரையில் எல்லாம் சரி. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைக்கின்றன. தற்போதைய நேரத்தைத் தரும் தரவுத்தளத்தின் நவ் என்ற சார்போடு ஒப்பிடும் ஒரு வினவலை எழுதும் நாளில்தான் வெளியே வரும்: 15 நிமிடத்தில் காலாவதியாகவேண்டிய கடவுச்சொல் மீட்பு இணைப்பு ஐந்தே முக்கால் மணி நேரம் உயிரோடு இருக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் ஆசியா/கொழும்பு போன்ற பெயர்கள் வேலைசெய்ய, வலய அட்டவணைகளை முதலில் ஏற்றவேண்டும். மைஎஸ்கியூஎல்_டிசெட்இன்ஃபோ_டு_எஸ்கியூஎல் என்ற கருவி லினக்ஸின் சோன்இன்ஃபோ கோப்புறையை வாசித்து அவற்றை உருவாக்கித் தரும். ஏற்றாவிட்டால் வலயம் மாற்றும் கன்வேர்ட்_டிசெட் சார்பு பிழை சொல்லாமல் நல் (வெற்று மதிப்பு) என்று திருப்பும். அறிக்கையில் கூட்டுத்தொகை பூச்சியமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள். டொக்கர் கொள்கலனில் அல்பைன் என்ற சிறிய லினக்ஸ் படிமத்தைப் பயன்படுத்தினால் அதில் வலயத் தரவு சேர்ந்து வராது. டிசெட் சூழல் மாறியில் பெயரை எழுதியிருந்தாலும், தரவு கிடைக்காதபோது கொள்கலன் பேசாமல் யூடிசியில் ஓடும். டிசெட்டேட்டா பொதியைத் தனியாக நிறுவுங்கள்.

படி 4: வெளியிலிருந்து வரும் நேரம்

ஏபிஐ (மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் இடைமுகம்) வழியாக வரும் ஒவ்வொரு கணத்திலும் ஒஃப்செட் கட்டாயம் இருக்கவேண்டும்: 2025-03-10, பிறகு டீ என்ற ஆங்கில எழுத்து, பிறகு 09:00:00+05:30. ஒஃப்செட் இல்லாமல் வந்தால் ஊகிக்காமல் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு கண்டிப்பு பின்னால் வரும் பல வேலைகளை மிச்சப்படுத்தும்.

இணைய முகவரியின் வினவல் பகுதியில் கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும். +05:30 என்று அனுப்பியது, இடைவெளியும் 05:30 உமாக வந்துசேரும். கனடாவிலிருந்து வரும் -04:00 இல் இந்தப் பிரச்சினையே இல்லாததால், ரொறன்ரோவில் சோதித்தவர் எல்லாம் சரி என்பார். மட்டக்களப்பில் மட்டும் பிழை வரும். முகவரிக்கென உள்ள குறியாக்கச் சார்பைப் பயன்படுத்துங்கள், அல்லது யூடிசிக்கு மாற்றி இசட் போட்டு அனுப்புங்கள்.

சுருக்கப் பெயர்களை ஏற்கவேண்டாம். ஐஎஸ்டி என்று எழுதினால் இந்தியாவும் நினைக்கலாம், அயர்லாந்தும் நினைக்கலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக நினைப்பது இஸ்ரேலை, +02:00.

குறியிலும் கவனம். போஸ்ட்கிரெஸில் நேரத்தின் பகுதியாக வரும் +05:30 கிழக்கைக் குறிக்கும். ஆனால் அட் டைம் சோன் என்பதற்குப் பின் +05:30 என்ற எழுத்தைக் கொடுத்தால் பழைய போசிக்ஸ் முறைப்படி அது மேற்கு. விடை 11 மணி விலகும். வலயப் பெயரைக் கொடுத்தால் இந்தச் சந்தேகமே இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் கெட்டைம்சோன்ஒஃப்செட்டும் இப்படித்தான். இலங்கையில் அது -330 என்று தரும். ஒஃப்செட்டைத் தனி நிரலில் வைப்பதென்றால் நிமிடத்தில் வையுங்கள். மணிக்கணக்கில் முழு எண்ணாக வைத்த அட்டவணைகளில் 5.5 என்பது 5 ஆகச் சுருங்கிக் கிடக்கும்.

இணைய வசதி இல்லாத வயல்வெளிகளில், பெரும்போக அறுவடைக் காலத்து நெல் கொள்வனவுச் செயலிகள் நேரத்தைக் கைத்தொலைபேசியிலிருந்தே எடுக்கும். அக்கரைப்பற்றுப் பக்கம் கட்டாரிலிருந்து திரும்பியவர்கள் பலர். போனில் வலயத்தை மாற்றாமல், மணியை மட்டும் இரண்டரை மணி முன்னே தள்ளிவைத்தவரின் போன், +03:00 என்ற ஒஃப்செட்டோடு இரண்டரை மணி எதிர்காலத்து நேரத்தை அனுப்பும். ஆகவே இரண்டு நிரல்கள் வையுங்கள்: போன் சொன்ன நேரம், சேர்வருக்கு வந்த நேரம். செயலியிலிருந்து தரவு அனுப்பும் கணத்தில் போனின் அப்போதைய நேரத்தையும் சேர்த்து அனுப்பினால், சேர்வர் நேரத்தோடு ஒப்பிட்டு அந்தப் போனின் பிழையைக் கணக்கிடலாம். விலகல் ஏறத்தாழ 2:30 என்றால் காரணம் வெளிப்படை.

படி 5: நாள் அறிக்கை

மீன் வியாபாரம் விடியுமுன் நடப்பது. அதிகாலை 4:30 க்குப் பதிவான விற்பனை யூடிசியில் முந்தைய நாள் 23:00. நிரலை நேரடியாகத் திகதியாக வெட்டிக் கூட்டினால், இலங்கை நேரம் 00:00 முதல் 05:29 வரையான எல்லா விற்பனையும் முதல்நாள் கணக்கில் சேரும். பகலில் மட்டும் திறக்கும் துணிக்கடைக்கு எழுதிய மென்பொருளில் இது ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருக்கும். மீன்வாடிக்கு விற்ற முதல் நாளே தெரிந்துவிடும்.

சரியான முறை, நாளின் இரு எல்லைகளையும் யூடிசிக்கு மாற்றி, தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காமல் தேடுவது. 2025 மார்ச் 10 என்றால் மார்ச் 9 இன் 18:30 யூடிசி முதல், மார்ச் 10 இன் 18:30 யூடிசிக்குக் குறைவான எல்லாம். 23:59:59 வரை என்று எழுதினால் அந்தக் கடைசி செக்கனின் பின்னங்கள் விடுபடும். எல்லைகளை மாற்றி நிரலைத் தொடாமல் விடுவதில் இன்னொரு நன்மை: நிரலில் உள்ள சுட்டி (இன்டெக்ஸ்) பயன்படும்.

போஸ்ட்கிரெஸில் அட் டைம் சோன் இரு திசையிலும் வேலைசெய்யும். வலயமற்ற நேரத்தோடு சேர்த்தால், இது கொழும்பு நேரம் என்று எடுத்துக் கணத்தைத் தரும். டைம்ஸ்டாம்ப்டீஇசட்டோடு சேர்த்தால், அந்தக் கணத்தில் கொழும்புக் கடிகாரம் என்ன காட்டியது என்று தரும். எந்தத் திசை என்பதை உள்ளே வரும் வகையே தீர்மானிப்பதால், நிரலின் வகையைத் தெரியாமல் இதை எழுதவேண்டாம். இரண்டு தடவை சேர்த்துக் குழம்பிய வினவல்கள் ஏராளம்.

மணிவாரி வரைபடத்தில் அரை மணி ஒஃப்செட் தன் வேலையைக் காட்டும். யூடிசியில் மணிக்கு வெட்டினால் கிடைக்கும் கட்டங்கள் நமக்கு 8:30 முதல் 9:30 வரை என்று விழும். முழுமணி ஒஃப்செட் உள்ள நாட்டில் எழுதிய கருவிகளில் இது கவனிக்கப்பட்டிருக்காது. முதலில் கொழும்பு நேரத்துக்கு மாற்றி, பிறகு வெட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் 12 முதல் டேட்_ட்ரங்க் சார்பு வலயத்தை மூன்றாவது உள்ளீடாக ஏற்கும்.

திகதி நிரலைத் திரைக்குக் கொண்டுவரும் வழியிலும் ஒரு குழி. சேர்வரில் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடின் போஸ்ட்கிரெஸ் இயக்கி, டேட் நிரலை உள்ளூர் நள்ளிரவாக ஜாவாஸ்கிரிப்ட் திகதிப் பொருளாக்கித் தரும். அதை டுஐஎஸ்ஓஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கினால் முந்தைய நாளின் 18:30 இசட் ஆகும். 1082 என்ற வகை எண்ணுக்கு எழுத்தையே திருப்பும்படி இயக்கியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

படி 6: பழைய அட்டவணையைத் திருத்துதல்

இதில் அவசரப்படவேண்டாம். முதலில் காப்புப்பிரதி எடுங்கள், அதை இன்னொரு சேர்வரில் மீட்டுப் பாருங்கள், அந்தப் பிரதியில் முழு வேலையையும் ஒரு தடவை செய்துபாருங்கள்.

பதிவுகளை எந்தக் கடிகாரம் எழுதியது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. மாதவாரியாக, நாளின் எந்த மணியில் எத்தனை பதிவுகள் என்று எண்ணுங்கள். பகல் முழுவதும் திறந்திருக்கும் கடையில் உச்சம் காலை 10 மணிக்கு இருக்கும். ஏதோ ஒரு மாதத்திலிருந்து அது அதிகாலை 4:30 க்கு நகர்ந்திருந்தால், அந்த மாதத்தில் சேர்வர் யூடிசிக்கு மாறியிருக்கிறது. சரியான இடத்தைப் பிடிக்க, பதிவு எண்ணின்படி வரிசைப்படுத்தி, லாக் சார்பால் முந்தைய பதிவின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். எண் கூடும்போது நேரம் திடீரென ஐந்தரை மணி அளவில் பின்னே பாயும் இடமே எல்லை. நீண்ட இரவு இடைவெளியில் மாற்றியிருந்தால் பாய்ச்சல் மறைந்துபோகலாம். அப்போது சேர்வரின் நிறுவல் பதிவுகளைப் பார்க்கவேண்டும்.

எல்லையைப் பதிவு எண்ணால் குறியுங்கள், நேரத்தால் குறிக்கவேண்டாம். மாற்றத்துக்கு முன்னைய கடைசி ஐந்தரை மணியும் பின்னைய முதல் ஐந்தரை மணியும் ஒரே எண்களைக் காட்டும். நேரத்தால் பிரித்தால் அந்தப் பகுதி கலந்துவிடும்.

பிறகு டைம்ஸ்டாம்ப்டீஇசட் வகையில் புதிய நிரல் ஒன்றைச் சேருங்கள். செயலி இரண்டு நிரலிலும் எழுதும்படி மாற்றுங்கள். பழைய பதிவுகளை 5,000 அல்லது 10,000 ஆகப் பிரித்து நிரப்புங்கள்: எல்லைக்கு முன் உள்ளவற்றுக்கு ஆசியா/கொழும்பு, பின் உள்ளவற்றுக்கு யூடிசி. எல்லாம் முடிந்ததும் பழைய நிரலுக்கும் புதிய நிரலின் யூடிசி மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணுங்கள். 2006 ஏப்ரலுக்குப் பிந்திய தரவென்றால் 5:30, 0 என்ற இரண்டே விடைகள் வரவேண்டும். அதற்கு முந்தியதும் இருந்தால் 6:00, 6:30 ஆகியவையும் வரலாம். ஐந்தாவதாக ஒன்று வந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். வாசிப்பைப் புதிய நிரலுக்கு மாற்றிய பின்னும் ஒரு மாதக் கணக்கு முடியும்வரை பழைய நிரலை அழிக்காதீர்கள்.

அட்டவணை சிறியது, கடிகாரமும் எப்போதும் கொழும்பு நேரம்தான் என்று உறுதியானால், ஓல்டர் டேபிள் கட்டளையில் யூசிங் பகுதியைச் சேர்த்து ஒரே மூச்சில் முடிக்கலாம். அந்த நேரம் அட்டவணை முழுதாகப் பூட்டப்படும். யூசிங்கை மறந்தால் போஸ்ட்கிரெஸ் தொடர்பின் வலயத்தை எடுத்துக்கொள்ளும்; அது யூடிசியாக இருந்தால் எல்லாப் பதிவும் ஐந்தரை மணி தவறும்.

விலகலைப் பார்த்தே நோயை அறியலாம். 5:30 என்றால் யூடிசியும் உள்ளூர் நேரமும் மாறிக்கிடக்கின்றன, அல்லது இரண்டு தடவை மாற்றம். 11:00 என்றால் குறி தலைகீழ். 3:30 என்றால் ஐஎஸ்டி இஸ்ரேலாகிவிட்டது. 2:30 என்றால் கட்டார், சவூதி, குவைத் போன். 30 நிமிடம் என்றால் 1996 ஒக்டோபர் – 2006 ஏப்ரல் காலத்துப் பதிவில் நிலையான +05:30 ஐயோ, ஆசியா/கொல்கத்தா வலயத்தையோ பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று இரண்டும் ஒரே நேரம் என்பதால் கொல்கத்தாவைப் போடும் பழக்கம் பரவலாக உள்ளது. இந்தியாவின் வலயத்துக்கு நம் 1996 தெரியாது. சரியாக 1 மணி என்றால் ஐரோப்பா அல்லது கனடாவின் கோடைகால நேரம்.

படி 7: வரப்போகும் நேரங்கள்

சூரிச்சில் சனி, ஞாயிறு மாலை 6 மணிக்கு வகுப்பு. 2025 ஒக்டோபர் 25 சனிக்கிழமை அது நமக்கு இரவு 9:30. மறுநாள் 26 ஆம் திகதி சுவிஸில் கடிகாரம் ஒரு மணி பின்னே போகிறது. அன்றைய வகுப்பு நமக்கு இரவு 10:30. முதல் வகுப்பின் யூடிசி நேரத்தை எடுத்து 24 மணி கூட்டி அடுத்ததை உருவாக்கினால், பிள்ளைகள் ஒரு மணி முன்னதாக அழைக்கப்படுவார்கள். ரொறன்ரோவிலும் மாணவர்கள் இருந்தால் இன்னும் சிக்கல்: அங்கே மாற்றம் நவம்பர் முதல் ஞாயிறு, ஐரோப்பாவில் ஒக்டோபர் கடைசி ஞாயிறு. இடையில் உள்ள நாட்களில் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் உள்ள வேறுபாடு வழக்கத்துக்கு மாறாக இருக்கும்.

ஆகவே மூன்று நிரல்கள்: உள்ளூர்த் திகதியும் மணியும் (வலயமற்ற வகையில்); வலயத்தின் பெயர் (ஐரோப்பா/சூரிச் என்று எழுத்தாக); தேடலுக்கும் நினைவூட்டலுக்கும் கணக்கிட்ட யூடிசி கணம். முதல் இரண்டும்தான் மூலம். மூன்றாவது அவற்றிலிருந்து பெறப்பட்டது, ஆகவே வலயத் தரவு புதுப்பிக்கப்படும்போது எதிர்காலப் பதிவுகளுக்கு மட்டும் மீண்டும் கணக்கிடுங்கள். 1996 இல் நடந்ததுபோல ஒரு அரசு குறுகிய கால அறிவித்தலில் நேரத்தை மாற்றினால், ஏற்கெனவே யூடிசியில் உறைந்த சந்திப்புகளை மீட்க வேறு வழி இல்லை.

படி 8: சோதனை

கீழுள்ளவற்றைத் தானியங்கிச் சோதனையாக எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டுங்கள். சோதனை ஓடும் கணினியின் வலயத்தை ஒரு தடவை கொழும்பாகவும், ஒரு தடவை யூடிசியாகவும், ஒரு தடவை அமெரிக்கா/ரொறன்ரோவாகவும் வைத்து ஓட்டவேண்டும்.

2025-03-10 09:00:00+05:30 ஐ எழுதினால் 03:30 யூடிசி; டோஹாவில் 06:30.

2025-03-10 02:00 கொழும்பு நேர விற்பனை, மார்ச் 10 அறிக்கையில் இருக்கவேண்டும், மார்ச் 9 இல் இருக்கக்கூடாது.

1996-08-01 12:00 கொழும்பு நேரம், 05:30 யூடிசி.

2006-04-14 18:15 யூடிசியும் 18:45 யூடிசியும் கொழும்பில் 00:15 என்றே காட்டவேண்டும். முதலாவதன் ஒஃப்செட் +06:00, இரண்டாவதன் ஒஃப்செட் +05:30.

1996-05-25 என்ற பிறந்த திகதி எழுதி வாசித்தபின் அதே திகதியாகவே வரவேண்டும். அதை யாராவது நள்ளிரவுக் கணமாக மாற்றினால், போஸ்ட்கிரெஸ் இல்லாத 00:00 ஐ 01:00 ஆக்கும். கொழும்பு வலயத்தில் இயங்கும் மைஎஸ்கியூஎல் டைம்ஸ்டாம்ப் நிரல், கண்டிப்பு முறை இயக்கத்தில் இருந்தால் பதிவையே மறுக்கும்.

சூரிச் வகுப்பு 2025 ஒக்டோபர் 25 இல் 21:30, 26 இல் 22:30.

யூடிசி, கொழும்பு இரண்டிலும் தேறி ரொறன்ரோவில் மட்டும் தவறினால், மென்பொருளில் எங்கோ ஒஃப்செட் இல்லாத எழுத்து கணினியின் உள்ளூர் நேரமாக வாசிக்கப்படுகிறது. 1996, 2006 சோதனைகள் மட்டும் தவறினால், எங்கோ +05:30 நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருளின் மூலக்குறிமுறையில் 330, 5.5, 19800 ஆகிய எண்களைத் தேடுங்கள்.